விக்டோரியாவில் ஒரு பனிமலைப் படம்

லண்டன் விக்டோரியா பேருந்து நிலையம். என் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. பக்கத்துப் பயண அலுவலகத்தின் கண்ணாடிக்குள் ஆல்ப்ஸ் சிகரம் ஒன்றின் பெரிய படம் தெரிகிறது. பனியில் சறுக்குகிறவர்கள், அவர்களை மேலே ஏற்றிப்போகும் தொங்கு நாற்காலிகள். கண்ணாடி துடைப்பவர் என் கையிலிருக்கும் தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு நெருங்கி வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"இந்த மலையாலதான், களவா எல்லை கடத்திற ஏஜென்சிக்காரன் எங்களை நடத்திக் கூட்டிவந்தவன். கூட்டாளிக்குக் கால் விறைச்சு நடக்க ஏலாமல் போச்சு. இந்தத் தொங்குற கதிரை ஒண்டில இருத்திப்போட்டு வந்தனான். விடிஞ்சா சறுக்கிற ஆக்கள் வருவினம், கண்டு காப்பாத்துவினம் எண்டு நினைச்சன். ரெண்டு வருஷமாச்சு, அவன்ரை கடிதம் ஒண்டும் இல்லை."

படத்தின் அடியிலிருக்கும் எழுத்தைத் துணியால் தொட்டுக் காட்டுகிறார். "எனக்கு இங்கிலிஷ் வாசிக்க ஏலாது. என்ன போட்டிருக்கு, அண்ணை?"

உரக்க வாசித்துச் சொல்கிறேன். "நாற்காலிகள் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே ஓடும்."

"நாங்கள் வந்தது ஒக்டோபர்," என்கிறார்.

அதைக் கேட்ட பிறகுதான், நான் வாசித்தது என்னவென்று எனக்கு உறைக்கிறது. அவர் துணியை வாளியில் நனைத்துப் பிழிந்து, அந்த வரி இருக்கும் இடத்தை அழுத்தித் துடைக்கிறார். எழுத்து கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கிறது.