மழை நாளில் சூடாகும் ஜீப்

நின்றிருந்த வண்டி நகர்ந்து போனால், அது நின்ற இடத்தைப் பவானி குனிந்து பார்ப்பாள். பேருந்தோ டிராக்டரோ, யார் வீட்டு வண்டியானாலும் சரி. எண்ணெய் சொட்டியிருக்கிறதா, தண்ணீர் ஒழுகியிருக்கிறதா என்று ஒரு பார்வை. கல்யாணமாகிச் சுருளிப்பட்டிக்கு வந்த அன்றும், மாலையும் கழுத்துமாக இறங்கியவள், கார் கிளம்பியதும் தரையைத்தான் பார்த்தாள். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற நான் அதைக் கவனித்தேன்.

பவானி என் கொழுந்தன் கர்ணனின் மனைவி. வருசநாட்டுக்காரி. அவள் அப்பா டிராக்டர் வாடகைக்கு விட்டவர். அவள் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டாள், நான் ஆறாவதோடு விட்டேன். பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எது என்றாலும், “பவானியக் கேளு” என்பார்கள். மிக்ஸி ஓடவில்லை என்றாலும் அவள்தான், மோட்டார் தண்ணீர் எடுக்கவில்லை என்றாலும் அவள்தான். அந்த வீட்டுக்கு அவளுக்கு முன்னால் வந்தவள் நான்.

எங்களுக்கு ஒரு ஜீப் உண்டு. என் கணவர் வேல்பாண்டிக்கும் கர்ணனுக்கும் பொது. விடியுமுன் எங்கள் ஊர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, கம்பத்தைத் தாண்டி மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் விட வேண்டும். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். கர்ணன்தான் ஓட்டுவான். நானும் பவானியும் மற்றவர்களோடு காய் எடுக்கப் போவோம். போன ஆனியில் வாழைத்தார் ஏற்றும்போது சறுக்கி விழுந்து கர்ணனுக்குக் கால் முறிந்தது. ஆள் தேடிக்கொண்டிருந்த என் கணவரிடம், “லைசென்ஸ் இருக்கு மச்சான், நான் ஓட்டுறேன்” என்றாள் பவானி. கர்ணன் அவளுக்கு எப்போதோ கற்றுக்கொடுத்திருந்தான்.

முதல் நாள் அவள் வண்டியை எடுத்தபோது பின்னால் இருந்த பெண்கள் குலவை போட்டார்கள். நான் போடவில்லை. கடைசிப் படி ஓரம்தான் எப்போதும் என் இடம். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவள் நெற்றியும் பொட்டும் தெரியும். பல வருஷம் முன்பு நானும் ஒருமுறை அந்த ஸ்டியரிங்கைத் தொட்டிருக்கிறேன். “ஹாரன அமுக்கிப்புடாத” என்றார் என் கணவர். அதோடு சரி.

பவானி நன்றாகத்தான் ஓட்டினாள். மழை பிடித்த பிறகுதான் வினை. காலையில் அத்தனை வளைவும் ஏறும்போது ஒன்றும் ஆகாது. சாயங்காலம் தோட்டத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகையில் ஹீட் முள் சிவப்பைத் தொடும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். ஓரம் கட்டி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்புவோம். வெயில் நாளில் சூடாகாத வண்டி மழை நாளில் சூடாகிறது என்றால் யார் நம்புவார்கள்?

“கர்ணன் ஓட்டையில ஒரு நா சூடானதுண்டா? கியரப் பிடிச்சு இழுத்துக்கிட்டே வந்தா எந்த எஞ்சின்தான் தாங்கும்?” என்றார் என் கணவர். கம்பத்து ஜெபராஜிடம் பேசியும் விட்டார். திங்கட்கிழமையிலிருந்து அவன் ஓட்டுவான், பவானி சாவியைக் கொடுத்துவிட்டுப் பழையபடி பின்னால் ஏற வேண்டும். அதைக் கேட்டதும் எனக்குச் சோறு ருசித்தது. பொய் சொல்வானேன்?

ஞாயிற்றுக்கிழமை காலை, எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே அவள் பானெட்டைத் தூக்கிவிட்டாள். கர்ணன் கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். என் கணவர் கைகட்டி நின்றார். நான் பாத்திரம் விளக்கிக்கொண்டே பார்த்தேன்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தாள். தண்ணீர் விளிம்புவரை இருந்தது. மூடாமலேயே ஸ்டார்ட் செய்து, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். வரவில்லை.

“கேஸ்கட் நல்லா இருக்கு” என்றாள்.

மூடியைப் போட்டு, எஞ்சினை அணைத்து, ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினாள். தொங்கவில்லை. மறுபடி ஓடவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் தொட்டுப் பார்த்தாள். தண்ணீர் ஒழுங்காகச் சுற்றுகிறது என்றாள். முள் நடுவிலேயே நின்றது.

“பாத்தியா? நிக்கையில சூடாகல. நீ ஓட்டையிலதான் ஆகுது. அப்பக் கோளாறு எங்கன இருக்கு?” என்றார் என் கணவர்.

“அண்ணே, அவ இன்னும் முடிக்கல” என்றான் கர்ணன்.

“நாளைக்கி ஜெபராஜு வாரான். நீ சாவிய எடுத்து வையி ஆத்தா.”

பவானி எஞ்சினை நிறுத்திவிட்டு வண்டியின் முன்னால் குந்தினாள். கிரில்லுக்குள் விளக்குமாற்றுக் குச்சியை விட்டு, ரேடியேட்டர் தகட்டில் ஒட்டியிருந்த எதையோ நிமிண்டி எடுத்தாள். நகத்தளவு நீல பிளாஸ்டிக். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நேராக என்னிடம் திரும்பினாள்.

“அக்கா, சாயங்காலம் நான் சூப்பர்வைசர்கிட்டப் பேசப் போறேன்ல, அப்ப வண்டிக்கு முன்னால யாரும் நிக்காகளா?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஆண்கள் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. கையில் சாம்பலோடு எழுந்து நின்றேன்.

“நிக்காக. கொங்காணிய உள்ள சொருகுவாக” என்றேன்.

கொங்காணி என்பது மழைக்கு நாங்கள் தலையிலிருந்து முழங்கால்வரை போர்த்துகிற பிளாஸ்டிக் தாள். நனைந்ததை மடியில் வைத்தால் சேலை ஈரமாகும். கிரில்லுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடியில் சொருகினால் பானெட்டைத் தூக்கினாலும் தெரியாது, ஊர் வருவதற்குள் சூட்டில் காய்ந்துவிடும். இறங்கியதும், பவானி முன்னால் வருமுன் உருவிக்கொண்டு போவார்கள். மழைக்காலம் முழுக்க நான் தினமும் பார்த்ததுதான். அதற்கும் இதற்கும் முடிச்சு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பார்த்தது நான், புரிந்தது அவளுக்கு. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பவானி கொடியில் கிடந்த கொங்காணிகளை வாளித் தண்ணீரில் முக்கி, கிரில்லுக்குள் சொருகினாள். ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடித்தாள். என் கணவர் எட்டி முள்ளைப் பார்த்தார். நடுவில் இருந்தது மெல்ல ஏறியது, ஏறிக்கொண்டே போனது. தாள்களை உருவியதும் இறங்கத் தொடங்கியது.

“காத்து போகாம அடைச்சா எந்த எஞ்சின்தான் தாங்கும் மச்சான்?” என்றாள். அவர் சொன்ன சொல்லையே திருப்பிக் கொடுத்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுச் சங்கிலியம்மாள் வந்துவிட்டாள். எங்களோடு தோட்டத்துக்கு வருகிறவள். நீலத் துண்டைப் பார்த்ததும், “ஏ, இது என் கொங்காணிடி! ஓரத்தக் காணமேன்னு பாத்தேன்” என்று சிரித்தாள்.

“கர்ணன் ஓட்டையில ஏன் சொருகல?” என்று கேட்டார் என் கணவர்.

“அவன் விடுவானா? கிட்டப் போனாலே ஊருக்குக் கேக்குறாப்புல வைவான். பவானி நம்ம பிள்ளதான, ஒண்ணும் சொல்லமாட்டான்னு சொருகுனோம்.”

கர்ணன் கட்டிலில் சிரித்தான். என் கணவர் செருமினார், கிணற்றடிக்குப் போனார். போகிற வழியில் போனை எடுத்து, “ஜெபராஜு, நாளைக்கி வேணாம்ப்பா” என்றது என் காதில் விழுந்தது. சாவி பவானியின் இடுப்பிலேயே இருந்தது.

“நல்லவேள சொன்னீக அக்கா” என்றாள் பவானி. எனக்கு அது இனிக்கவில்லை. பாத்திரத்துக்குத் திரும்பினேன். கேட்டாள், சொன்னேன். இல்லாததைச் சொல்லவும் தெரியாது, இருப்பதை மறைக்கவும் வராது. மறைக்க வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

மறுநாள் சாயங்காலம் தோட்டத்தில் அவள் வண்டிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்று, “ஒரு தாளு உள்ள போச்சுன்னா அவளை மலையிலயே விட்டுட்டுப் போயிருவேன்” என்று கத்தினாள். “கர்ணன் தேவலாம்டி” என்று சங்கிலியம்மாள் முனகினாள். கொங்காணியெல்லாம் சுருட்டி மேல் கேரியரில் கட்டப்பட்டது. மழை கொட்டியது. முள் அசையவில்லை.

ஊரில் பவானி எஞ்சினைப் பிரிக்காமலே கோளாறு கண்டுபிடித்தாள் என்றுதான் பேச்சு. நான் சொன்ன ஒரு வரி அந்தப் பேச்சில் எங்கும் இல்லை.

கர்ணனுக்குக் கால் சரியாகிவிட்டது. அவன் இப்போது திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறான். ஜீப்பைப் பவானிதான் ஓட்டுகிறாள். நான் கடைசிப் படி ஓரத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய் வருகிறேன். அவள் மேல் எனக்குப் பொறாமை இன்னும் இருக்கிறது.