பார்க்கிங் வரை பார்த்த பெங்களூர்

பெங்களூரில் பார்க்க என்ன இருக்கிறது என்று இண்டூர் கோவிந்தனிடம் கேட்டவர்கள் யாரும் இரண்டாம் முறை கேட்டதில்லை. "ஒரு மண்ணும் இல்ல" என்பார். அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. ஒவ்வோர் இடமாக எடுத்துத் தோலை உரித்துத் தொங்கவிட்டால்தான் அவருக்குச் சாப்பிட்ட சோறு செரிக்கும்.

லால்பாக்கா? மரத்தைக் காட்டிக் காசு வாங்குகிற ஊர் உலகத்தில் அது ஒன்றுதான் என்பார். காரிமங்கலம் பக்கம் மாந்தோப்பில் போய் நில், எந்த மரமாவது டிக்கெட் கேட்கிறதா பார். நந்தி மலையா? விடிவதற்கு முன்னால் எழுந்து, குளிரில் பல் கிடுகிடுக்க, அறுபது கிலோமீட்டர் போய்ப் பனிமூட்டத்தைப் பார்க்கிறார்கள். பனிமூட்டம் என்றால் என்ன? எதிரே இருப்பது ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ஒன்றும் தெரியாததைப் பார்க்க இவ்வளவு பாடு. பன்னேர்கட்டாவில் யானை காட்டுகிறார்களாம். பென்னாகரத்துக் காட்டோரத்தில் கடலை போட்டிருக்கிறவனிடம் போய் யானை பார்க்க வருகிறாயா என்று கேட்டால் செருப்பைக் கழற்றுவான். கப்பன் பார்க்கில் பாதிப் பேர் நாயோடு வருகிறார்கள், மீதிப் பேர் காதலோடு வருகிறார்கள். நாய்களாவது ஒழுங்காக நடக்கின்றன. மால் என்று ஒன்று கட்டி வைத்திருக்கிறார்களே, அதில் படிக்கட்டு தானாக ஏறுகிறது. ஏறினால் மேலேயும் அதே கடைதான்.

அவர் சொன்னதை ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? இருபத்தைந்து வருஷமாகத் தருமபுரியிலிருந்து வேன் ஓட்டுகிற மனிதர். கல்யாணம் முடித்த கூட்டம், பள்ளிக்கூடக் கூட்டம், சீட்டுச் சேர்ந்த பெண்கள் கூட்டம் என்று மாதம் நான்கு தடவையாவது பெங்களூரைச் சுற்றிக் காட்டியவர். கன்னடம் சரளமாக வரும். தொப்பூர் தாண்டிச் சேலத்துக்கே போகாதவர்கள், கோவிந்தன் வாயாலேயே பெங்களூரைப் பார்த்து, வாயாலேயே வெறுத்தும் விட்டிருந்தார்கள்.

ஆனால் ஒரு விஷயம் ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அந்த இடங்களில் ஒன்றுக்குள்ளேகூட அவர் கால் வைத்ததில்லை.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் பார்க்கிங். எந்த கேட்டில் நிழல் இருக்கும், எங்கே கக்கூஸ் சுத்தம், எந்த டீக்கடையில் பால் தண்ணீராக இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வேனை நிறுத்துவார், கன்னடம் தெரிந்தவர் என்பதால் கவுண்டருக்குப் போய்க் கூட்டத்துக்கு டிக்கெட் வாங்கித் தருவார், திரும்பி வந்து சீட்டைச் சாய்த்துத் துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார். கூட்டம் திரும்பி வரும் வழியில் ஆளாளுக்குப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பார். லால்பாக்கின் கண்ணாடி மாளிகை, ஏரி, பாறை, பூவில் செய்த கோபுரம் எல்லாம் அப்படித்தான் அவரிடம் வந்து சேர்ந்தன. அவற்றின்மேல் காறித் துப்புகிற வேலையை மட்டும் அவர் சொந்தமாகச் செய்தார்.

முதல் டிரிப்பில் அப்படி இல்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது. லால்பாக் வாசலில் வேனை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தலை சீவிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாக வரிசையில் போய் நின்றார். அழைத்து வந்த ஜவுளிக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். "நீங்க எங்கீங்க வர்றீங்க? டிரைவருக்கு உள்ளாற என்ன வேல? வண்டியப் பாத்துக்குங்க" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த கோவிந்தனுக்கு அன்றைக்கு வயிறு எரிந்த எரிச்சல் அப்புறம் அணையவே இல்லை. அன்று சாயங்காலமே ஊரில் யாரோ கேட்டார்கள். "லால்பாக்கா? ஒரு மண்ணும் இல்ல" என்றார். அது வாய்க்கு நன்றாக இருந்தது. பிடித்துக்கொண்டார்.

இதில் அதிகம் இழந்தது அவர் மனைவி செல்லம்மாள்தான். கல்யாணமான புதிதில் ஒரு தடவை பெங்களூர் காட்டுங்கள் என்று கேட்டார். வேனில் ஒரு சீட் காலியாக இருக்கும்போதெல்லாம் கேட்டார். "அங்க வந்து எதப் பாக்கப் போற? காலு வலிதான் மிச்சம்" என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. மகள் கவிப்பிரியா பெங்களூரில் கம்பெனி வேலைக்குச் சேர்ந்த பிறகு இரண்டு தடவை செல்லம்மாள் போனார். பஸ் ஸ்டாண்டையும் ஹாஸ்டல் படிக்கட்டையும் பார்த்துவிட்டு வந்தார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த பொய்க்குக் கவிப்பிரியாவே உலை வைத்தாள்.

அவளோடு வேலை செய்கிற சிவக்குமாரை அவளுக்குப் பிடித்திருந்தது. அவனுக்கும்தான். சிவக்குமாரின் அம்மா பாஞ்சாலி, பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். புருஷன் போன பிறகு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பெங்களூர் வந்து, ஒரு பெரிய வீட்டில் பதினைந்து வருஷம் சமையல் செய்து அவனைப் படிக்க வைத்தவர். பெண் பார்க்க நேரே வீட்டுக்கு வருவதற்கு முன்னால், இரண்டு குடும்பமும் கோயிலில் தற்செயலாகச் சந்தித்த மாதிரி சந்தித்துக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். சரிப்படவில்லை என்றால் சாமி கும்பிட வந்தோம் என்று போய்விடலாம், பெண்ணுக்குப் பேர் கெடாது. பாஞ்சாலி கோயில் வேண்டாம் என்றார். லால்பாக்கில் சந்திக்கலாம், பெண்ணின் அப்பாவுக்குத்தான் தெரியாத இடமே இல்லையாமே, அவரே சுற்றிக் காட்டட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

கவிப்பிரியா அப்பாவைப் பற்றி அங்கே அவ்வளவு பீற்றி வைத்திருந்தாள். போனில் ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். "அப்பா, அந்தம்மாவுக்குப் பொய் மட்டும் ஆகாதுப்பா. போன வருசம் ஒரு பொண்ணு பாத்தாங்களாம். பொண்ணோட அப்பா கெணறு இருக்குன்னாராம். போயிப் பாத்தா அது பங்காளி கெணறு. குடுத்த காபியக்கூடக் குடிக்காம எந்திரிச்சி வந்துட்டாங்களாம். நீங்க கொஞ்சம் அளந்து பேசுங்கப்பா."

"அட, லால்பாக்குதான? அதுல பாக்க என்ன இருக்குது" என்று கோவிந்தன் சிரித்தார். போனை வைத்த பிறகு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மகள் கல்யாணம் தன் வாயில் மாட்டிக்கொண்டது அவருக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். செல்லம்மாள் அரக்குக் கலர் பட்டுச் சேலை கட்டியிருந்தார். சிவக்குமார் ஐந்து டிக்கெட்டோடு வாசலிலேயே நின்றிருந்தான், பக்கத்தில் பாஞ்சாலியும் கவிப்பிரியாவும். கோவிந்தன் முதன்முதலாக அந்த வாசலைத் தாண்டினார். தாண்டியது அவருக்கே தெரியவில்லை, பயம் அப்படி.

பாஞ்சாலி அதிகம் பேசுகிறவராகத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டே வந்தார், அதுதான் மோசம். கோவிந்தன் முன்னால் நடந்தார். வழி பிரிகிற இடத்திலெல்லாம் இடது பக்கம் திரும்பினார், ஏதாவது ஒரு பக்கம் திரும்பித்தானே ஆக வேண்டும். ஓர் இடத்தில் வேர் பருத்து ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய இலவ மரம் ஒன்று நின்றது. செல்லம்மாள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"மரந்தான? வா வா" என்றார் கோவிந்தன்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் பாஞ்சாலி ஒரு பலகையைக் காட்டினார். "கண்ணாடி மாளிகை வலது பக்கம்னு போட்டிருக்காங்களே?"

"அது சுத்து வழிங்க. வெவரம் தெரியாத டூரிஸ்டுங்களுக்குப் போட்டது. நாம இப்பிடிப் போனா எதிர்லயே நிக்கும்."

எதிரில் உர மூட்டை அடுக்கிய கொட்டகைதான் நின்றது. கோவிந்தன் அதையும் விடவில்லை. "முன்னயெல்லாம் இது இங்க இல்லீங்க. இப்பத்தான் கட்டித் தொலைச்சிருக்கானுங்க" என்றார். சிவக்குமார் செல்போனில் வரைபடத்தை எடுத்தான். கவிப்பிரியா அவன் முழங்கையில் இடித்து உள்ளே வைக்கச் சொன்னாள்.

அரைமணி நேரம் ஆயிற்று. ஏரியும் வரவில்லை, பாறையும் வரவில்லை. வெயில் ஏறியது. அப்போது கோவிந்தனுக்கு டீசல் வாடை அடித்தது. வேன் ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டது. உயிர் வந்த மாதிரி இருந்தது. "இதோ, வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டு வேகவேகமாக நடந்தார். கால்கள் தாமாகப் போயின. எல்லோரும் பின்னாலேயே ஓடி வந்து ஒரு பெரிய கேட்டைத் தாண்டி நின்றார்கள்.

டபுள் ரோடு பார்க்கிங். இரண்டு குடும்பத்தையும் லால்பாக் முழுக்க நடத்தி, தனக்குத் தெரிந்த ஒரே இடத்துக்கு அழைத்து வந்து சேர்த்திருந்தார் கோவிந்தன்.

பார்க்கிங் சீட்டுக் கிழிக்கிற கிழவர் வாயெல்லாம் பல்லாக எழுந்து வந்தார். "ஏனு கோவிந்தண்ணா! இவத்து ஒளகடெ ஹோகித்ரா?" என்றார். பக்கத்தில் தமிழ் ஆட்கள் நிற்பதைப் பார்த்து அவர்களுக்கும் தெரியட்டுமே என்று தமிழுக்கு மாறினார். "இன்னிக்கு உள்ள போயிட்டு வர்றாரும்மா! இருபது வருசமா என்கிட்டதான் வண்டி போடறாரு. ஒரு நாளு உள்ள போனது இல்ல. போயிட்டு வா, வண்டிய நான் பாத்துக்கறேன்னு எத்தினி தடவ சொல்லியிருப்பேன். கேக்க மாட்டாரு. தூங்குவாரு!"

அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விட்டார். கோவிந்தன் முகத்தில் ஈயாடவில்லை. கவிப்பிரியா தரையைப் பார்த்தாள். பாஞ்சாலி கோவிந்தனையே பார்த்துக்கொண்டிருந்தார். காபி குடிக்காமல் எழுந்து வந்த பெண்மணி அல்லவா, இப்போது பஸ் எங்கே நிற்கும் என்று கேட்கப் போகிறார் என்று கோவிந்தன் காத்திருந்தார்.

பேசியது செல்லம்மாள். "உள்ள போயிப் பாத்துட்டுத்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். "ஒவ்வொரு வாட்டியும் இந்தச் சீலைய எடுப்பேன். திரும்ப மடிச்சி வெச்சிருவேன். இருவத்தஞ்சி வருசம் ஆச்சு."

அவர் குரலை உயர்த்தவில்லை. கோவிந்தன் அத்தனை வருஷம் பெங்களூர்மேல் காட்டிய இளக்காரம் முழுவதும் அந்த நிமிஷம் அவர்மேலேயே திரும்பி விழுந்தது. வெட்கமாக இருந்தது.

"இன்னும் எதையுமே பாக்கலையே" என்றார் பாஞ்சாலி கடைசியில். "உள்ள போலாம்."

வெளியே வந்துவிட்டதால் மறுபடி டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. சிவக்குமார் நகர்ந்தான். கோவிந்தன் அவனைத் தடுத்துவிட்டுத் தானே கவுண்டருக்குப் போனார். இந்த ஒரு வேலையாவது அவருக்கு ஒழுங்காகத் தெரியும். கன்னடத்தில் கேட்டு வாங்கி வந்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். பாஞ்சாலிக்கு ஒன்று, சிவக்குமாருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, செல்லம்மாளுக்கு ஒன்று. கொடுத்து முடித்ததும் கை காலியாகிவிட்டது. அவர் தோளிலிருந்த துண்டை உதறிக்கொண்டு, உட்கார நிழல் எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.

நான்கு பேரும் நகரவில்லை. பாஞ்சாலி தன் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தார். மற்ற மூவர் கையையும் பார்த்தார். பிறகு நிழலைத் தேடிக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்தார். பதினைந்து வருஷம் அடுத்தவர் வீட்டில் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர்.

"என்ன கணக்கு இது? அஞ்சி பேருக்கு நாலு டிக்கெட்டா?" என்று ஓர் அதட்டல் போட்டார். "இன்னிக்கு நீங்க வண்டி ஓட்டிக்கிட்டா வந்தீங்க, சம்பந்தி?"

கோவிந்தன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையில் சீப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு, மறுபடி வரிசையில் போய் நின்றார்.