வரிசைக் கடைசியில் ஒரு பலகை

சாதாரணத் தகரப் பலகைதான். சிவப்புப் பெயிண்டில் கடைசி எழுத்து ஒழுகியிருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில், காரைக்காலில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்து ஜன்னலில் எனக்கு வேலை. அந்தப் பலகையை மாட்ட ஆணி அடித்தது நான். மாட்டச் சொன்னவர் எங்கள் தலைமை நர்ஸ். ஊரே அவரைப் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடும்.

வாசலில், சிவப்புக் கதவைக் காட்டும் அம்புக்குறியோடு ‘அவசர சிகிச்சைப் பிரிவு’ என்று அழகான பலகை ஏற்கெனவே இருந்தது. யார் பார்த்தார்கள்? கூட்டம் எங்கேயோ அங்கேதான் டாக்டர் இருப்பார் என்று வருகிறவர்கள் போய் நின்றுவிடுவார்கள். பெரிய கூட்டம் என் ஜன்னலுக்கு முன்னால்தான். நெரவியிலிருந்து வந்த ஒரு விவசாயி, மூச்சிளைப்பு கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த வரிசையில் நின்றார். முந்திப் போகக் கூச்சம். ஜன்னலுக்கு வந்து, “மூச்சு முட்டுதுங்க, பாருங்க” என்றபோது பிள்ளையின் கை தொங்கிக் கிடந்தது. பெரிய சிஸ்டர் வாங்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை. அந்த மனிதர் அழவில்லை. “வரிசையிலதான நின்னேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அதன்பிறகு பெரிய சிஸ்டர் ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் வாசல் டீக்கடையில் உட்கார்ந்து, வருகிறவர்கள் என்ன கேட்கிறார்கள், எந்தப் பக்கம் போகிறார்கள் என்று கவனித்தார். “அவங்க வாயில வர்றதத்தான் எழுதணும். அவங்க நிக்கிற எடத்துலதான் மாட்டணும்” என்றார். வரிசையின் கடைசியில் பலகை ஏறியது: ‘மூச்சு முட்டுதா? வரிசையில நிக்காதீங்க. நேரா சிவப்புக் கதவுக்கு வாங்க.’ இதென்ன சந்தைப் பேச்சு என்று பெரிய டாக்டர் முகம் சுளித்தார். ஆனால் கிளிஞ்சல்மேட்டுப் பெண்ணொருத்தி அதைப் படித்துவிட்டு மகனோடு சிவப்புக் கதவுக்கு ஓடியதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பையன் பிழைத்தான்.

போன மாதம், சென்னையில் மகன் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும் இருந்த மதியத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. பழகாத ஊர். மகனும் போனை எடுக்கவில்லை. அவன் சொல்லிவைத்திருந்த மருத்துவமனையின் இணையதளத்தைத் திறந்து, ‘மூச்சு முட்டுது, எங்க போவணும்’ என்று தேடினேன். முடிவுகள் இல்லை என்றது. துறையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது, பெயரைப் பதியச் சொன்னது, வரிசையில் காத்திருக்கச் சொன்னது. எல்லாம் செய்தேன். “என்னங்க, என்ன சொல்றாங்க?” என்று அவள் கேட்டாள். பொறுக்கமுடியாமல் தெருவுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தேன். போய்ச் சேர்ந்தபோது அவள் கை தொங்கிக் கிடந்தது.

பளபளவென்ற அந்த வாசலில் எத்தனையோ பலகைகள். பெரிய சிஸ்டரின் தகரப் பலகை மட்டும் இல்லை. என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார்.

“வரிசையிலதான நின்னேன்” என்றேன்.