ஒரே வேலைக்கு இரண்டு ஸ்தோத்திரம்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில், என் அண்ணன் மகள் ஹெப்சிபாவுக்கு வேலை கிடைத்ததற்காக ஸ்தோத்திரம் ஏறெடுத்தார்கள்.

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? நாலு மாதத்துக்கு முன்பும் இதே சபையில், இதே பெண்ணுக்கு, இதே கம்பெனியில், இதே வேலை கிடைத்ததற்காக ஒரு ஸ்தோத்திரம் ஆகிவிட்டது!

எனக்குப் பின் பெஞ்சில் இருந்த ஓர் அம்மா மெல்லக் குனிந்தார். "ஏ லில்லி... இது போன தடவ கிடைச்ச வேலையா, வேற வேலையா?"

"அதே வேலைதான்க்கா. இப்பத்தான் கிடைச்சிருக்கு."

"அப்ப அன்னைக்குக் கிடைச்சது?"

அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

என் அண்ணன் சாலமோனை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர். ஆனால் குக்கரில் விசில் வருவதற்கு முன்பே தட்டோடு உட்கார்ந்துவிடுகிற ரகம். கார் வாங்கப் போகிறேன் என்று முதலில் கார் கவர் வாங்கியவர். கார் இன்னும் வரவில்லை. கவர் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியை மூடிக்கொண்டிருக்கிறது.

அவருடைய ஒரே மகள் ஹெப்சி. பி.காம். முடித்தாள். முடித்த மறுநாளே என் மதினி ஒரு மாப்பிள்ளை ஜாதகம்... மன்னிக்கவும், நாங்கள் ஜாதகம் பார்ப்பதில்லை, பயோடேட்டா... எடுத்து வந்து மேஜைமேல் வைத்துவிட்டார். சாத்தூர்ப் பக்கம் பையன். நல்ல குடும்பம். தை மாதம் முடித்துவிடலாம் என்றார்கள்.

ஹெப்சி அப்பாவிடம் நேராகவே பேசினாள். "எனக்கு ரெண்டு வருஷம் வேணும்ப்பா. வேலைக்குப் போறேன். பொறவு பாப்போம்."

அண்ணனும் நியாயஸ்தர்தான். "சரி. தைக்குள்ள ஒரு வேலைல உக்காந்துட்டேன்னா ரெண்டு வருஷம் உன்னை ஒரு வார்த்த கேக்க மாட்டேன். இல்லேன்னா நாங்க சொல்லுதத நீ கேக்கணும்."

ஒப்பந்தம் ஆகிவிட்டது. வேலை கிடைக்க வேண்டுமே?

வேலை விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். "ஃப்ரெஷர்கள் தேவை, இரண்டு வருட அனுபவம் அவசியம்" என்று போடுகிறார்கள். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்று சும்மாவா சொன்னார்கள்? இந்தப் பிள்ளைகள் அனுபவத்துக்கு எங்கே போவார்கள் — ரேஷன் கடையிலா போடுகிறார்கள்?

ஹெப்சி புத்திசாலி. ராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டுகிற துணி தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்கு அவளாகவே மெயில் போட்டாள். மூன்று மாதம் இன்டர்ன்ஷிப்புக்கு வரச் சொல்லிவிட்டார்கள். சம்பளம் கிடையாது. டீ உண்டு. மூன்று மாதம் கழித்துப் பிடித்திருந்தால் வேலை, இல்லையென்றால் ஒரு சர்ட்டிபிகேட்.

இதை அவள் வீட்டில் தெளிவாகத்தான் சொன்னாள். எங்கள் அண்ணன் காதில் 'கம்பெனி' மட்டும் விழுந்தது. அடுத்த ஞாயிறே காணிக்கைக் கவரில் 'மகளுக்கு வேலை கிடைத்ததற்காக' என்று எழுதிப் போட்டுவிட்டார். பாஸ்டர் ஐயா மைக்கில் வாசித்துவிட்டார். சபையே ஆமென் சொல்லிவிட்டது.

ஹெப்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சண்டை. "அது வேலை இல்லப்பா! இன்டர்ன்ஷிப்!"

"எல்லாம் ஒண்ணுதான்ட்டி. இங்கிலீஷ்ல அவிய அப்படிச் சொல்லுதாக. காலைல போய்ட்டு சாயங்காலம் வார. அதுக்குப் பேரு வேலை இல்லாம என்ன?"



முதல் வாரம் ஹெப்சிக்கு அந்த ஆபீஸில் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டார்கள். வருகிறவர்கள் எல்லாரும் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவளை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. "மெஷினுக்காவது பேப்பர் வைக்காக அத்த. எனக்கு அதுவும் இல்ல" என்று போனில் புலம்பினாள்.

பெரும்பாலான பிள்ளைகள் இந்த இடத்தில்தான் போனை எடுத்து நோண்ட ஆரம்பிப்பார்கள். மூன்று மாதம் நோண்டிவிட்டு சர்ட்டிபிகேட்டோடு வீட்டுக்கு வருவார்கள். இவளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது, எங்கள் வம்சம். ஒவ்வொரு மேஜையாகப் போய், "அண்ணே, இது என்னது? இது எதுக்கு?" என்று நச்சரித்தாள். தொல்லை தாங்காமல் ஏற்றுமதிப் பிரிவில் ஒருவர் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பெயர் குருசாமி. அந்தப் பிரிவுக்கே அவர்தான் தலை.

அங்கேதான் ஹெப்சி ஒரு மகத்தான வாக்கியத்தைக் கற்றுக்கொண்டாள்.

"ஆயிரும் சார்."

நம் பக்கத்தில் இந்த வாக்கியம் இல்லாமல் ஒரு ஆபீஸ் நடக்குமா? சரக்கு எப்போது கிளம்பும்? ஆயிரும் சார். லேபிள் ஒட்டியாச்சா? ஆயிரும் சார். துணியே இன்னும் தறியிலிருந்து இறங்கவில்லையே? அதுவும் ஆயிரும் சார்! எம்.டி. கேட்டாலும் இதுதான், வெளிநாட்டுக்காரன் கேட்டாலும் இதுதான். யாரும் பொய் சொல்வதில்லை. இல்லை என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான்.

ஒருநாள் குருசாமி சொந்தக்காரர் வீட்டுப் பால்காய்ப்புக்குப் போய்விட்டார். அன்றைக்கென்று சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன் வீடியோ காலில் வந்துவிட்டான். ஆபீஸில் ஒவ்வொருவருக்கும் திடீரென்று பாத்ரூம் வந்தது. மிச்சம் இருந்தது ஹெப்சி.

எடுத்துவிட்டாள். ஐந்து வயதிலிருந்து சண்டே ஸ்கூல் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து வசனம் ஒப்பித்த வாய். இங்கிலீஷ் வருமா வராதா என்பது வேறு விஷயம், கூச்சம் வராது. அடுத்த லோடு எப்போது கிளம்பும் என்று அவன் கேட்டிருக்கிறான்.

"ஐ டோன்ட் நோ சார். ஹாஃப் அன் அவர். ஐ வில் ஸீ அண்ட் டெல்."

பேக்கிங் ஷெட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறாள். பாதிப் பெட்டிகள்கூடக் கட்டவில்லை. திரும்பி வந்து அவனைக் கூப்பிட்டு, "நாட் ரெடி சார். ஃப்ரைடே" என்று சொல்லிவிட்டாள்.

பாத்ரூமிலிருந்து வந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். "ஏட்டி, ரெடியாகலைன்னு யாராச்சும் வெள்ளைக்காரன்ட்ட சொல்லுவாங்களா? ஆர்டர் போச்சு!"

ஆர்டர் போகவில்லை. அடுத்த தடவை அவன் வீடியோ காலில் வந்ததும், "ஹாஃப் அன் அவர் பெண் எங்கே?" என்று கேட்டிருக்கிறான். எம்.டி. காதுக்கும் போய்விட்டது. வேலை நிச்சயம் என்று குருசாமியே சொன்னாராம். ஹெப்சி என்னிடம் மட்டும் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அது சரிதான், தெரிந்தால் அவர் பேரப்பிள்ளைக்கு ஞானஸ்நான தேதி குறித்துவிடுவார்.

இந்த நேரத்தில்தான் பாஸ்டர் ஐயா வீடு சந்திக்க வந்தார். ஜெபம் முடிந்து காபி குடிக்கும்போது ஒரு வார்த்தை சொன்னார். "பிள்ளைக்கு வேலை குடுத்த முதலாளியை ஒருநாள் நேர்ல பாத்து நன்றி சொல்லணுமே பிரதர்."

போதாதா?

ஊர்த் தேரைக்கூடக் கட்டை போட்டு நிறுத்தலாம். எங்கள் அண்ணனுக்கு அப்படி ஒரு கட்டை இன்னும் செய்யவில்லை. அந்த வாரமே ஒரு வேன். அண்ணன், மதினி, பாஸ்டர் ஐயா, நான். மடியில் ஒரு கிலோ பால்கோவா, பையில் ஒரு சரிகைச் சால்வை. வேனில் ஏறிய பிறகுதான் எனக்கு எங்கே போகிறோம் என்றே சொன்னார்கள். ஹெப்சிக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை எடுக்காத அளவுக்கு நல்ல இன்டர்ன்!

எம்.டி. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மரியாதை தெரிந்தவர். அங்கி போட்ட பாஸ்டரைப் பார்த்ததும் "ரண்டி, ரண்டி... வாங்கய்யா" என்று எழுந்தே வந்துவிட்டார். அவர் என்ன விஷயம் என்று கேட்பதற்குள் அண்ணன் சால்வையைப் போர்த்திவிட்டார்.

"எம் மகளுக்கு வேலை போட்டுக் குடுத்திருக்கீக. எங்க சபையே உங்களுக்காக ஜெபிக்குது சார்."

எம்.டி. சால்வைக்குள் இருந்து விழித்தார். யார் மகள், எந்த வேலை? அதற்குள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஹெப்சி, கையில் ஃபைலோடு அப்படியே நின்றாள். எம்.டி.க்குப் புரிந்துவிட்டது. சால்வை தோளில், பால்கோவா மேஜையில், எதிரே பாஸ்டர். எந்த மனுஷனால் இல்லை என்று சொல்ல முடியும்?

"ஆமாமா... நல்ல பொண்ணு. எல்லாம் ஆயிரும்" என்றார்.

அவருமா!

பாஸ்டர் ஐயா கண்ணை மூடினார். இன்னும் ஒரு ஜெபம் சொல்லி ஆமென் போட்டிருந்தால் ஹெப்சியின் வேலை அங்கேயே உறுதி. அவள் பேசாமல் நின்றிருந்தால் போதும். தை மாதமும் சாத்தூரும் தன்னால் கழன்றுகொள்ளும். நான் மனசுக்குள், பேசாம இருட்டி, பேசாம இருட்டி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"சாரி சார். அப்பா தப்பா நினைச்சிக்கிட்டாக. எனக்கு இன்னும் வேலை ஆகல. இன்டர்ன்ஷிப்தான்." அப்புறம் பாஸ்டர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க சபைல சொன்னதும் சரியில்ல. எனக்கு இன்னும் கிடைக்கல."

பாஸ்டர் ஐயா கண்ணைத் திறப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி திறந்து வைத்திருந்தார். அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. பெருமையா பயமா என்று கேட்டால், இரண்டும்தான்.

திரும்பும்போது வேனில் அண்ணன் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். "இனி சபைல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உக்காருவேன்?" மதினி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "சாத்தூர்க்காரவுகளுக்குப் போன் போடட்டா?" என்று கேட்டார். ஹெப்சிக்கு இனி வேலையும் இல்லை, இரண்டு வருஷமும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

எம்.டி. அடுத்த நாள் கூப்பிடவில்லை. அதற்கடுத்த வாரமும் கூப்பிடவில்லை. இவள் தினமும் பஸ் ஏறி ராஜபாளையம் போனாள், வந்தாள். வீட்டில் யாரும் அவளோடு சரியாகப் பேசவில்லை. சாத்தூரிலிருந்து பெண் பார்க்க நாள் கேட்டு இரண்டு தடவை போன் வந்தது.

இன்டர்ன்ஷிப்பின் கடைசி நாளன்று எம்.டி. கூப்பிட்டார். "ஏம்மா, அன்னைக்கு நீ சும்மா நின்னிருந்தா நானே குடுத்திருப்பேன்ல?"

"அது சால்வைக்குக் குடுத்த வேலையா இருந்திருக்கும் சார்."

அவர் சிரித்துவிட்டாராம். "இந்த ஆபீஸ்ல என்கிட்ட 'இன்னும் ஆகல'ன்னு சொல்ற ஆளுக்காக இத்தன வருஷமா காத்துக்கிட்டிருக்கேன். என் வாயே அன்னைக்கு ஆயிரும்னுதான சொல்லிச்சு! திங்கக்கிழமை வந்து சேரு. ஒரே ஒரு கண்டிஷன். உங்க அப்பா கேட்டுக்கு அந்தப் பக்கமே நிக்கணும்."

வேலை ஆர்டரோடு வீட்டுக்கு வந்தாள். அண்ணன் அதை வாங்கி, படித்து, திருப்பிப் பார்த்து, மறுபடியும் படித்தார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் மட்டும் சிவந்திருந்தது. அன்று சாயங்காலம் சாத்தூருக்கு அவரே போன் போட்டு, "ரெண்டு வருஷம் கழிச்சிப் பேசுவோம்" என்று சொல்லிவிட்டார். வாக்கு வாக்குதான், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

அதற்குத்தான் போன ஞாயிறு இரண்டாவது ஸ்தோத்திரம். பாஸ்டர் ஐயா மைக்கில் ஒரு வரி சேர்த்தார். "இந்த முறை ஆர்டரை நானே கண்ணால் பார்த்துவிட்டேன்." சபை சிரித்துக்கொண்டே ஆமென் சொன்னது.

கல்லூரி முடித்த பிள்ளைகளே, இன்டர்ன்ஷிப் போனால் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று எனக்கு எழுதிக் கேட்கிறீர்கள். எக்ஸெல் கற்றுக்கொள்ளுங்கள், மெயில் எழுதக் கற்றுக்கொள்ளுங்கள், எல்லாம் நல்லதுதான். தெரியவில்லை என்றால் தெரியவில்லை, ஆகவில்லை என்றால் ஆகவில்லை என்று சொல்லவும் பழகிக்கொள்ளுங்கள். இதற்கு எந்தக் காலேஜிலும் பேப்பர் கிடையாது.

இந்தத் திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில் புதிதாக ஒரு பையன் இன்டர்ன்ஷிப்புக்கு வந்தானாம். அவனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஹெப்சிக்கு. கேட்டில் பையனோடு அவன் அப்பாவும் நின்றிருக்கிறார், கையில் ஸ்வீட் பாக்ஸோடு. "தம்பி உள்ள வரட்டும். நீங்க வீட்டுக்குப் போங்க அங்கிள்" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்திருக்கிறாள்.

ராத்திரி சாப்பாட்டில் அவள் இதைச் சொன்னபோது அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "பாவம்ட்டி அந்த மனுஷன். எம்புட்டு ஆசையா வந்திருப்பாரு! நான் வேணா நாளைக்கு வந்து அவர்ட்ட செத்த நேரம் பேசட்டுமா?"

மகளுக்கு இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.