கவிழ்த்து வைத்த சூப் தட்டுகள்

எதெல்காவை எங்கள் கட்டடத்தில் ஒருவருக்கும் பிடிக்காது. புடாபெஸ்டில் எந்த வாசல்காரியைத்தான் யாருக்குப் பிடித்தது? ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தால், கையில் காசு வைத்த பிறகுதான் பெரிய கதவைத் திறப்பாள். யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று ரகசியப் போலீஸுக்குச் சொல்வதும் அவள்தான் என்று மூன்று மாடியும் பேசும். நானும் பேசியிருக்கிறேன். அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? "என்னைப் பத்திப் பேசி முடிச்சாச்சா? படியைக் கூட்டணும், தள்ளுங்க" என்று துடைப்பத்தோடு வந்து நிற்பாள்.

ஐம்பத்தாறு அக்டோபரில் ரஷ்யப் பிடியை எதிர்த்து ஊரே தெருவில் இறங்கியது. கொடியின் நடுவே இருந்த சுத்தியல் சின்னத்தை வெட்டி எறிந்துவிட்டு, ஓட்டைக் கொடியோடு நடந்தோம். எங்கள் கட்டடத்துக் கொடியை ரொட்டிக் கத்தியால் அறுத்தவள் எதெல்காதான். "வேஷம் போடறா" என்றோம். ரஷ்யப் படை ஊரைவிட்டுப் போனது. சில நாள் தலை நிமிர்ந்து திரிந்தோம். நவம்பரில் டாங்கிகள் முன்னைவிடப் பெருங்கூட்டமாகத் திரும்பி வந்தன.

என் அண்ணன் அர்பாத் தெருமுனைச் சண்டையில் தொடையில் குண்டு பட்டு எங்கள் நிலவறையில் கிடந்தான். ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரி எதிர்ச்சாரியில்தான் இருந்தது. ஆனால் அவனை மேலே தூக்கி வருவதற்குள் டாங்கிகள் எங்கள் தெருவுக்குள் வந்துவிடும்; வந்துவிட்டால் குறுக்கே போக முடியாது, அண்ணன் பிழைக்கமாட்டான். முற்றத்தில் நின்று நான் அழுதுகொண்டிருந்தேன்.

"அழுகையை அப்புறம் வச்சுக்க" என்று என்னை அதட்டிவிட்டு, எதெல்கா மாடிகளைப் பார்த்துக் கத்தினாள். "எல்லாரும் சூப் தட்டை எடுத்துக்கிட்டு இறங்குங்க! ரோட்டுல கவுத்து வச்சா, தூரத்துலேர்ந்து பாக்கறவனுக்குக் கண்ணிவெடி மாதிரி இருக்கும்."

"ஐயோ, அது என் கல்யாணத் தட்டு!" என்றாள் இரண்டாம் மாடி வெரெஷ் வீட்டம்மா.

"உன் புருஷனையா கேட்டேன்? தட்டைத்தானே கேட்டேன். கொண்டா!"

தட்டுகளைத் தெரு முழுக்கக் கவிழ்த்து வைத்துவிட்டு ஓடி வந்து வாசலுக்குள் ஒண்டினோம். அப்போதுதான் எதெல்கா தலையில் அடித்துக்கொண்டாள். தெரு நடுவே ஒரு தட்டு நிமிர்ந்து, நீலப் பூவெல்லாம் தெரிய, சாப்பாட்டுக்குத் தயாராக இருந்தது. வெரெஷ் வீட்டம்மாவின் கை, ஞாயிற்றுக்கிழமை மேசைக்கு வைப்பதுபோலவே வைத்துவிட்டது.

"அவனுங்களுக்குப் பந்தியா போடறே?"

முதல் டாங்கி திருப்பத்தில் தலை காட்டியது. நான் கையைப் பிடித்து இழுத்தும் கேட்காமல் எதெல்கா தெருவில் இறங்கினாள். ஓடவில்லை. மண்டியிட்டு, இரண்டு கையாலும் தட்டைத் தூக்கி, பச்சைக் குழந்தையைக் கிடத்துவதுபோல மெல்லக் கவிழ்த்து வைத்தாள். மூச்சை அடக்கி, அடிமேல் அடி வைத்துப் பின்பக்கமாகவே நடந்து வந்தாள். அவள் வைத்தது நிஜ வெடிதான் என்று பார்க்கிறவர்கள் சத்தியமே செய்வார்கள். என்ன நெஞ்சழுத்தம் அவளுக்கு!

டாங்கி நின்றது. பிறகு உறுமிக்கொண்டே பின்வாங்கித் திருப்பத்துக்கு அப்பால் மறைந்தது. கண்ணிவெடி எடுக்கும் ஆட்கள் வருவதற்குள் அண்ணனைக் கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோய்விட்டோம்.

சண்டையெல்லாம் ஒடுக்கப்பட்ட பிறகு, டிசம்பரில், அந்தத் தட்டுகளைப் பற்றி விசாரிக்க ஓர் அதிகாரி வந்தான். எங்களை முற்றத்தில் நிறுத்தினான்.

"அவ்வளவு தட்டும் யாருது?"

"என்னுது" என்றாள் எதெல்கா.

"ஒண்டிக்கட்டைக்கு அவ்வளவு தட்டா?"

"விருந்தாளிங்க நிறைய வந்தாங்களே. அதுவும் கூப்பிடாமலே."

அவன் முகம் சிவந்தது. "உன்கூட இருந்தது யாரு? இவங்கதானே?"

"இவங்களா? இவங்களுக்கு என் மூஞ்சியைக் கண்டாலே ஆகாது. நான் கூப்பிட்டா வருவாங்களா? யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

அவன் கேட்டான். ஆமாம், அவளைப் பிடிக்காது என்று ஒவ்வொருவராகத் தலையாட்டினோம். அது தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி, நம்பிவிட்டான். அவளை மட்டும் வண்டியில் ஏற்றினான். நாங்கள் யாரும் அழவில்லை. அழுதால் அவள் சொன்னது பொய் என்று தெரிந்துவிடும்.