வாசலில் தொங்கிய பலகை

இருபது வருஷமாகத் தையல்கார அக்கா எந்தப் பெண்ணின் மார்பளவையும் வாய்விட்டுச் சொன்னதில்லை. திரைக்குப் பின்னால் அளந்து, காதும் காதும் வைத்த மாதிரி நோட்டில் எழுதிவிடுவாள். துணி வெட்டும் சொந்தத் தங்கச்சியிடம்கூட நோட்டைத்தான் நீட்டுவாள்.

வெளியூர் வேலையிலிருந்து திரும்பிய புருஷன் தனக்கு என்னவோ தொற்று என்று தலையைச் சொறிந்தான். மறுநாளே அவள் தனியார் கிளினிக்குக்குப் போனாள். வாசலில் 'பால்வினை நோய்ப் பரிசோதனை, முழு ரகசியம்' என்று கொட்டை எழுத்தில் ஒரு பலகை. அதை நம்பித்தான் கவுன்ட்டர் பெண்ணிடம் குனிந்து விஷயத்தைச் சொன்னாள்.

அந்தப் பெண்ணோ நிமிர்ந்துகூடப் பார்க்காமல் உள்ளே இருந்த நர்ஸுக்குத் தண்டோரா போட்டாள்.

"சிஸ்டர், இங்க ஒரு அம்மாவுக்குப் பால்வினை டெஸ்ட்டாம்! புருஷனுக்கு வந்திருக்காம்!"

பெஞ்சில் இருந்த ஏழு பேரும் திரும்பினார்கள். அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு பண்ணினவன் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருக்கிறான், தலைகுனிவு மட்டும் இவளுக்கா?

"ஏம்மா, கொஞ்சம் நிமிர்ந்து பாரு. என்னைத் தெரியுதா?"

நிமிர்ந்தவளின் முகம் வெளுத்தது. "அக்கா, நீங்களா? என் கல்யாணத் துணி தச்ச அக்கா!"

அக்கா அவள் காதருகே குனிந்தாள்.

"உன் அளவு முழுசும் என் நோட்டுல இருக்கு. இந்த ஏழு பேருக்கும் கேக்கற மாதிரி படிக்கட்டுமா?"

அவள் பதறிப்போய்ப் பெஞ்சைப் பார்த்தாள்.

"பயப்படாதே, படிக்க மாட்டேன். இத்தனைக்கும் ரகசியம்னு என் கடையில நான் பலகை மாட்டலம்மா."