வேறொருத்தியின் ரிப்போர்ட்

யதீசனின் கம்பெனி சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. சின்னக் கம்பெனி. கிளினிக்குகளுக்கும் டியூஷன் சென்டர்களுக்கும் இணையதளம் செய்து கொடுப்பார்கள். ஜாவாவில் புரோகிராம் எழுதுவது அவன் வேலை. முப்பது வயது தாண்டியும் பாசிர் ரிஸ்ஸில் அப்பா அம்மாவோடுதான் இருந்தான். மத்தியானம் தேக்கா மார்க்கெட்டில் சாப்பாடு, சாயங்காலம் ரயிலில் வீடு. யார் வம்புக்கும் போகாதவன். எழுதிய புரோகிராமை இன்னொரு தடவை படித்துப் பார்க்காமல் இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டான் என்று ஆபீசில் அவனுக்கு நல்ல பெயர்.

யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். வீட்டில் பேச்செல்லாம் ஆங்கிலம். அப்பா அம்பிகைபாகன் காலையில் சாமி படத்துக்கு முன்னால் தேவாரம் பாடுவார், விபூதி பூசியதும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். யதீசனுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ். கேட்டால் புரியும். பேசப் போனால் பாதி வாக்கியத்தில் சொல் கிடைக்காமல் நிற்பான்.

ஒரு ஹெல்த் ஸ்கிரீனிங் நிலையம் அவர்களிடம் வந்தது. ரத்தப் பரிசோதனை, மார்பக எக்ஸ்ரே எல்லாம் எடுக்கிற தனியார் நிலையம். இனி ரிப்போர்ட்டைத் தபாலில் அனுப்பப் போவதில்லை, ஆட்கள் தாங்களே லாகின் செய்து பார்த்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். லாகின் பகுதி முழுவதும் யதீசன் கையில் வந்தது.

அவன் அதை ஆசையாகச் செய்தான். எண்ணும் பாஸ்வேர்டும் சரியா என்று பார்த்து, ஃபோனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டு, எல்லாம் பொருந்தினால்தான் அது உள்ளே விடும். உள்ளே வந்தவருக்கென்று ஒரு செஷன் திறக்கும். அந்த ஆள் யார் என்பதை வெளியே போகும்வரை அதுதான் நினைவில் வைத்திருக்கும். ஒவ்வொரு பக்கத்தின் வாசலிலும் ஒரு சோதனை. செஷன் இல்லாமல் யாராவது நேராக ரிப்போர்ட் பக்கத்தைத் திறக்கப் பார்த்தால் லாகினுக்கே திருப்பிவிடும். சும்மா திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் தானாகவே மூடிக்கொள்ளும். புராஜெக்டை நடத்திய வெண்டி டான் தன் ஃபோனிலேயே எல்லா வழியிலும் உடைத்துப் பார்த்தாள். உடையவில்லை. "நல்லா பண்ணியிருக்கே" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

சில மாதங்கள் ஒரு புகாரும் இல்லை. அப்புறம் ஒரு பெண் நிலையத்துக்கு ஃபோன் செய்தாள். ரிப்போர்ட்டைத் திறந்ததும் மேலே வேறு யாரோ பெயர் இருந்ததாம், மறுபடி திறந்தபோது அவள் பெயர் வந்துவிட்டதாம். நிலையம் வெண்டியிடம் கேட்டது, வெண்டி யதீசனிடம் கேட்டாள்.

"அப்படி நடக்காது" என்றான்.

ஆனாலும் உட்கார்ந்து பார்த்தான். இரண்டு கம்ப்யூட்டரில் இரண்டு பேராக லாகின் செய்து மாற்றி மாற்றித் திறந்தான். அவரவர் ரிப்போர்ட் அவரவருக்குத்தான் வந்தது. அடுத்த நாளும் பார்த்தான். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே சமயத்தில் தட்டினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்தப் பெண் வேறு எதையோ பார்த்துக் குழம்பியிருப்பாள் என்றுகூட நினைத்தான். கடைசியில் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நொடியில் நுழைவதுபோல ஒரு சின்ன புரோகிராம் எழுதி ஓடவிட்டான். ஓடவிட்ட உடனேயே ஒருத்தர் பெயர் இன்னொருத்தர் பக்கத்தில் வந்து நின்றது.

அவன் கட்டிய வாசலில் தப்பில்லை. செஷனிலும் தப்பில்லை. உள்ளே, ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும் இடத்தில், "இப்போது வந்திருப்பவர் யார்" என்பதைச் செஷனிலிருந்து எடுத்து, வசதிக்காக வெளியே ஒரு பொது இடத்தில் எழுதி வைத்திருந்தான். வருகிற எல்லாருக்கும் அந்த ஒரே இடம்தான். ஒரே பலகையில் ஒருத்தர் பெயரை எழுதிவிட்டு அவருடைய தாளை எடுக்கத் திரும்பும்போது, அடுத்தவர் வந்து அதை அழித்துத் தன் பெயரை எழுதிவிட்டால்? எடுக்கிற கை பலகையைப் பார்த்து அடுத்தவர் தாளை எடுக்கும், கொடுப்பதோ முதலில் நின்றவரிடம். ஒவ்வொருவராக வரும்போது இது நடக்காது. ஒரு முதலாளி தன் வேலையாட்கள் எல்லாரையும் பரிசோதனைக்கு அனுப்பி, ரிப்போர்ட் தயார் என்று எல்லாருக்கும் ஒன்றாக எஸ்எம்எஸ் போய், எல்லாரும் ஒரே டீ நேரத்தில் ஃபோனை எடுத்தால் நடக்கும்.

ஒரு வரியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்தினான். சரியாகிவிட்டது.

வெண்டி அவனைத் திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. "யார் யாருக்கு யாருடைய ரிப்போர்ட் போச்சு?"

யதீசன் பதிவுகளைத் துழாவினான். யார் லாகின் செய்தார்கள் என்பது இருந்தது. அவர்கள் கண்ணுக்கு எது போனது என்பது எங்கும் இல்லை. அதைப் பதிந்து வைக்கும்படி யாரும் கேட்டிருக்கவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை.

"தெரியாது. இனிமே தெரிஞ்சுக்கவும் முடியாது" என்றான். சொல்லிவிட்டு எழுந்து போய், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் தண்ணீர் பிடிக்காமலே நின்றான்.

நிலையம் சட்டப்படி சொல்லவேண்டிய இடத்தில் சொன்னது. ரிப்போர்ட்டை மறுபடி பார்க்கும்படி எல்லாருக்கும் மெசேஜ் போனது. ரிப்போர்ட்டில் மறுபரிசோதனைக்கு வரச்சொல்லியும் வராமலே இருந்தவர்களை ஃபோனில் கூப்பிடுவது என்று முடிவானது. அவர்களில் சிலருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். நிலையத்தில் தமிழ் பேசும் நர்ஸ் பிரசவ விடுப்பில் இருந்தாள்.

"நீ தமிழ்தானே?" என்றாள் வெண்டி.

என்ன சொல்லவேண்டும் என்பதை வக்கீல் எழுதி, மொழிபெயர்ப்பு நிறுவனம் தமிழாக்கிக் கொடுத்திருந்தது. அதற்குமேல் ஒரு சொல் சேர்க்கக்கூடாது. யாருடைய தப்பு என்ற பேச்சே எடுக்கக்கூடாது. நிலையத்தின் ஓர் அறையில் பிலிப்பீன்ஸ் நர்ஸ் ஒருத்தியும் வெண்டியும் இரண்டு பக்கமும் உட்கார, யதீசன் ஸ்பீக்கரைப் போட்டான்.

மூன்றாவது அழைப்பு கண்மணி என்பவருக்கு. ஐம்பது வயதைத் தாண்டியவர், சாங்கி விமான நிலையத்து ஸ்டாஃப் கேண்டீனில் மேசை துடைத்துத் தட்டு எடுப்பவர். நிலையத்திலிருந்து முன்பே பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். தெரியாத எண் என்று அவர் எடுத்ததேயில்லை. இந்த முறை அவருடைய சூப்பர்வைசரிடம் சொல்லி எடுக்கவைத்தார்கள்.

"ஸ்கேம் இல்லதானே?" என்பதுதான் அவருடைய முதல் பேச்சு.

"இல்ல ஆன்ட்டி. ஹெல்த் ஸ்கிரீனிங் பண்ண எடத்துலேர்ந்து பேசறேன்." யதீசன் தாளைப் பார்த்துப் படித்தான். "தங்கள் இணைய அமர்வில் ஏற்பட்ட தொழில்நுட்ப இடையூற்றின் காரணமாக, தாங்கள் கண்ணுற்ற அறிக்கை தங்களுடையதாக இல்லாதிருக்க வாய்ப்புண்டு."

அந்தப் பக்கம் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது.

"என்ன தம்பி சொல்றீங்க? அமர்வுன்னா, எங்க வந்து உக்காரணும்?"

"இல்ல, உக்கார வேண்டாம்." அவன் தாளைக் கீழே வைத்தான். "ஆன்ட்டி, அன்னிக்கு ஃபோன்ல ரிப்போர்ட் பாத்தீங்கல்ல. அது உங்களோடது இல்லாம இருக்கலாம். வேற ஆளோடதா இருக்கலாம்."

"அது எப்படி? என் ஃபோன்தான்லா. என் நம்பரப் போட்டு, எனக்கு எஸ்எம்எஸ்ல வந்த ரகசிய நம்பரும் போட்டுத்தானே உள்ள போனேன்."

"நீங்க கரெக்டாத்தான் பண்ணீங்க. நாங்கதான்..."

வெண்டிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவன் குரல் போன போக்கைப் பார்த்து அவன் முழங்கையைத் தொட்டாள்.

"கம்ப்யூட்டர் மாத்திக் காட்டிடுச்சு" என்று முடித்தான்.

"அப்ப என்னோடது என்ன?"

யதீசன் நர்ஸைப் பார்த்தான். நேரில் வரச்சொல் என்று அவள் சைகை காட்டினாள்.

"நீங்க நேர்ல வரணும் ஆன்ட்டி. இன்னொரு படம் எடுக்கணும்."

"நெஞ்சுல எடுத்தாங்களே, அந்தப் படமா?"

"ஆமா."

"நார்மல்னு போட்டிருந்துச்சே. எனக்கு இங்கிலீஷ் தெரியாது. எங்கூட வேலை செய்யற விசாலாட்சிதான் படிச்சுச் சொன்னா. நார்மல்னு சொன்னாளே தம்பி."

"வாங்க ஆன்ட்டி, நாளைக்கே வாங்க" என்று மட்டும் சொன்னான்.

கண்மணி ஃபோனை வைக்கவில்லை.

"அப்ப என்னோடத யாரோ ஒரு பொம்பள பாத்திருப்பாளே. தனக்குத்தான்னு நெனச்சு பயந்திருப்பாளே. அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிடுவோம்" என்றான். அது யார் என்று யாருக்கும் தெரியாது என்பதை அவன் சொல்லவில்லை. நர்ஸ், அவர் என்ன கேட்டார் என்றாள். வெண்டிக்கும் அவளுக்கும் ஆங்கிலத்தில் அதைத் திருப்பிச் சொல்லப் போய்ப் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

அடுத்த வாரம் வெண்டி அவனுக்கு ஒரு வேலை கொடுத்தாள். இனி எந்த ரிப்போர்ட்டை யார் திறந்தாலும் பதிவாகவேண்டும், கம்பெனி ஆட்கள் யாரும் ஒருவருடைய ரிப்போர்ட்டையும் பார்க்கமுடியாதபடி பூட்டவேண்டும். நியாயமான வேலை. யதீசன் எழுதினான். எழுதி முடித்து, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்க்கத் தன்னுடைய லாகினில் நுழைந்தான். இந்தப் பக்கத்தைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. சோதனை வெற்றி என்று குறித்துவிட்டு உட்கார்ந்திருந்தான். கண்மணி மறுபடம் எடுக்க வந்தாரா, அதில் என்ன வந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இனி அவனுக்கு வழியில்லை. நர்ஸிடம் கேட்டால் அவளும் சொல்லமாட்டாள், சொல்லவும் கூடாது.

வீட்டில் அவன் சாப்பாடு குறைந்ததைப் பார்த்து அப்பா கேட்டார். நடந்ததைச் சொன்னான். அம்பிகைபாகன் முழுவதும் கேட்டார்.

"கம்பெனி உன்னை வேலையைவிட்டு எடுக்குமா?"

"எடுக்கமாட்டாங்க."

"அப்ப சரி" என்றார். அவருக்கு அது நிம்மதியாக இருந்தது. அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. யாராவது தன்னை ஏதாவது செய்தால் தேவலை என்று இருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் பஸ் பிடித்துச் சாங்கிக்குப் போனான். எதற்குப் போகிறோம் என்று தெளிவாக ஒன்றும் இல்லை. விமான நிலையத்தில் இருக்கும் ஸ்டாஃப் கேண்டீன்களில் முதலாவதில் கண்மணி என்று யாரும் இல்லை. இரண்டாவதில் நுரை பொங்க ஆற்றிய பால் டீ, ஒரு தே தாரே வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். பெல்ட் அணிந்த செக்யூரிட்டிக்காரர்களும் கார்கோ ஆட்களும் அவசரமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊதாச் சட்டை போட்ட ஓர் அம்மா தள்ளுவண்டியோடு தட்டு எடுத்துக்கொண்டு வந்தார். நெற்றியில் குங்குமம்.

"ஆன்ட்டி, இங்க கண்மணின்னு..."

"கண்மணி எம்சிலா, மெடிக்கல் லீவு. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. ஆபரேஷன்." அவர் துணியை மேசையில் வைத்தார். "நீங்க யாரு, சொந்தமா?"

"இல்ல. ஃபோன்ல பேசியிருக்கேன்." பிறகு கேட்டான், "நீங்க விசாலாட்சி ஆன்ட்டியா?"

அவர் முகம் மாறியது. பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"ஸ்கிரீனிங்லேர்ந்து வந்திருக்கீங்களா? என்னை விசாரிக்கவா?"

"விசாரிக்க இல்ல..."

"நான்தான் தம்பி படிச்சேன். ஊர்ல எட்டாவது வரைக்கும் படிச்சவ நான். ஃபோன் சின்னது, எழுத்தும் சின்னது. மேல பேரைக்கூடப் பாக்கல, நார்மல்னுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. அதுக்கு முன்னால நாட்னு, இல்லைங்கிற மாதிரி, ஏதாச்சும் இருந்திருக்கும், நான் விட்டிருப்பேன். சீக்கிரமே வந்திருந்தா ஆபரேஷன் சின்னதா முடிஞ்சிருக்கும்னு டாக்டர் சொன்னாராம்." அவர் துணியை மறுபடி எடுத்து மடித்தார். "என் மேல அவளுக்குக் கோவமே இல்ல. அதுதான் தாங்கல."

யதீசன் எழுந்து நின்றான்.

"ஆன்ட்டி, நீங்க கரெக்டாத்தான் படிச்சீங்க. அதுல நார்மல்னுதான் இருந்துச்சு. அது வேற ஆளோட ரிப்போர்ட். கம்ப்யூட்டர் மாத்திக் குடுத்துடுச்சு."

"கண்மணியும் அப்படித்தான் சொன்னா, ஃபோன்ல யாரோ சொன்னாங்கன்னு. கம்ப்யூட்டர் எப்படி தம்பி மாத்தும்? ஆளுதான் மாத்தும்."

"ஆளுதான் மாத்துச்சு. நான்தான். அந்த புரோகிராம எழுதுனதே நான்தான், ஆன்ட்டி."

சொல்லக்கூடாது என்று அவனிடம் சொல்லியிருந்ததைச் சொல்லிவிட்டான். விசாலாட்சி அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, கண்ணாடி, கையில் தே தாரே. அவன் மேலும் விளக்கினான். பெயர் எழுதும் பலகை, இரண்டு பேர் ஒரே சமயத்தில் வருவது, தப்பான தாள். தமிழ் பாதியில் நின்றது, ஆங்கிலத்தில் சொன்னான், மறுபடி தமிழுக்கு வந்தான். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

எல்லாம் கேட்டுவிட்டு, "நல்ல புள்ள நீங்க. எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க" என்றார்.

"ஆறுதலுக்கு இல்ல ஆன்ட்டி, நெஜமாவே..."

"நீங்க படிச்சவங்க. உங்களுக்கெல்லாம் தப்பு வராது. படிக்கத் தெரியாம படிச்சுச் சொன்னது நான்தானே."

சூப்பர்வைசர் தூரத்திலிருந்து கையைத் தட்டிக் கூப்பிட்டார். விசாலாட்சி முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார். யதீசன் தே தாரேயைப் பாதிதான் குடித்திருந்தான். "முடிச்சிட்டீங்களா?" என்று கேட்டு, அவன் பதில் சொல்வதற்குள் கிளாஸை எடுத்து வண்டியில் வைத்து, மேசையைத் துடைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.